கணவாய்ச் சாலைகளும் எல்லைக் கோடுகளும்: ஐரோப்பிய மோட்டார் சைக்கிள் பயணம் குறித்த ஓர் ஆய்வு

ஒரே கோடையில் ஐந்தாறு நாடுகளை மோட்டார் சைக்கிளில் கடந்துவருவது ஐரோப்பாவில் இன்று அருஞ்செயலாகக் கருதப்படுவதில்லை. காலையில் ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்து கிளம்பும் ஒருவர், ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் மதிய உணவை முடித்துக்கொண்டு, பிரென்னர் கணவாயின் வழியாகப் பொழுது சாய்வதற்குள் இத்தாலியின் போல்சானோவை அடைந்துவிடலாம். இதற்குள் அவர் இரண்டு நாட்டெல்லைகளைத் தாண்டியிருப்பார். இந்த எளிமை தானாக வாய்த்ததன்று. படைகள் செல்வதற்காகப் போடப்பட்ட சாலைகளும், போர்கள் ஓய்ந்தபின் எழுதப்பட்ட உடன்படிக்கைகளும் சேர்ந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் உருவாக்கியது அது. அவ்வரலாற்றையும், அந்த எளிமை இன்னும் முழுமை பெறாத இடங்களையும், அதனால் தொல்லைக்குள்ளாகும் மலைவாழ் மக்களின் எதிர்ப்பையும் ஒருசேர வைத்துப் பார்க்காமல் இப்பயணத்தை மதிப்பிட இயலாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இப்பயணத்தின் இதயப்பகுதி ஆல்ப்ஸ் மலைத்தொடர். பிரான்சின் மத்தியதரைக் கடற்கரையிலிருந்து ஸ்லோவேனியா வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் வளைந்து செல்லும் இத்தொடரை எட்டு நாடுகள் பங்கிட்டுக்கொண்டிருப்பதால், குறைந்த தொலைவில் பல எல்லைகளைக் கடக்கும் வாய்ப்பு இங்கு இயல்பாகவே கிட்டுகிறது. ஆனால் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரை ஈர்ப்பது எல்லைகளின் எண்ணிக்கையைவிட வளைவுகளின் எண்ணிக்கைதான். கார் திசைமாற்றியைச் சுழற்றித் திரும்புகிறது. மோட்டார் சைக்கிளோ உடலும் வண்டியும் ஒன்றாகச் சாய்வதால் திரும்புகிறது. அதனால் நேரான நெடுஞ்சாலையில் சலிப்பூட்டும் அதே வண்டி, கொண்டை ஊசி வளைவுகள் அடுக்கடுக்காக வரும் மலைச்சாலையில் ஓட்டுபவரின் முழுக் கவனத்தையும் கேட்டுப் பெறுகிறது.

இன்று சுற்றுலாப் படங்களை அலங்கரிக்கும் இந்த மலைச்சாலைகளில் பெரும்பாலானவை சுற்றுலாவுக்காகப் போடப்பட்டவை அல்ல. சுவிட்சர்லாந்தையும் இத்தாலியையும் இணைக்கும் சிம்ப்ளான் கணவாய்ச் சாலையை நெப்போலியன் 1800-க்கும் 1805-க்கும் இடையில் அமைக்கச் செய்ததன் நோக்கம், பீரங்கிகள் ஆல்ப்ஸைக் கடக்க வேண்டும் என்பதே. அவர் வீழ்ந்தபின் வட இத்தாலியின் லொம்பார்டி மாநிலம் ஆஸ்திரியப் பேரரசின் கைக்கு வந்தது. அதனை டைரோல் மலைநாட்டோடு இணைக்க 1820 முதல் 1825 வரை ஸ்டெல்வியோ கணவாய்ச் சாலை போடப்பட்டது. பொறியாளர் கார்லோ டொனெகானி வகுத்த அந்தப் பாதை 2,757 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. வடக்கே பிராட் என்னும் ஊரிலிருந்து ஏறும் பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொன்றும் எண்ணிடப்பட்டிருப்பதால், ஏறிச்செல்பவர் இன்னும் எத்தனை வளைவுகள் மீதமுள்ளன என்பதைப் படித்துக்கொண்டே ஏறலாம். 1859-இல் லொம்பார்டி ஆஸ்திரியாவிடமிருந்து பறிபோனதும் இச்சாலையின் உச்சி இரு நாடுகளின் எல்லையாயிற்று. முதல் உலகப் போரில் அதைச் சுற்றிய பனிமுகடுகள் போர்க்களமாயின. போருக்குப் பின் டைரோலின் தென்பகுதியும் இத்தாலிக்குச் சென்றுவிட, ஒரே பேரரசின் இரு பகுதிகளை இணைக்கப் பிறந்த சாலை முழுவதும் ஒரே நாட்டுக்குள் அடங்கிப்போயிற்று. அரசியல் பயன் தீர்ந்த இத்தகைய சாலைகளை ஐரோப்பிய அரசுகள் கைவிடாமல் பராமரித்து வந்ததே மோட்டார் பயணிகளுக்குக் கிடைத்த பெரும் கொடை எனலாம்.

சுற்றுலாவை எண்ணியே கட்டப்பட்டவையும் உண்டு. ஆனால் அவற்றிலும் அரசியல் கலந்தே இருந்தது. தென் டைரோலை இழந்து சிறுத்துப்போன ஆஸ்திரியா, தன் எல்லைக்குள் ஓர் உயர்மலைச் சாலை வேண்டும் என்ற விருப்பத்தாலும், 1929-க்குப் பிந்தைய பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்தோருக்கு வேலை தர வேண்டிய கட்டாயத்தாலும், பொறியாளர் ஃப்ரான்ஸ் வாலாக்கின் திட்டப்படி கிராஸ்கிளாக்னர் உயர்மலைச் சாலையை 1930-இல் தொடங்கி 1935 ஆகஸ்டு 3 அன்று திறந்தது. 48 கிலோமீட்டர் நீளமும் 36 கொண்டை ஊசி வளைவுகளும் கொண்ட அச்சாலை இன்றும் கட்டணச் சாலையே; இரவில் மூடப்படுகிறது, குளிர்கால மாதங்களில் அறவே திறக்கப்படுவதில்லை. பிரான்சில் இதே பணியை ஒரு சங்கம் முன்னின்று செய்தது. பிரெஞ்சுச் சுற்றுலாச் சங்கம் 1909 முதல் வலியுறுத்திவந்த 'பெரும் ஆல்ப்ஸ் பாதை', ஜெனீவா ஏரிக்கரையின் தோனோன் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோர மெந்தோன் வரை சுமார் 700 கிலோமீட்டர் நீள்வது. 2,764 மீட்டர் உயர இஸரான் கணவாய்ச் சாலையை 1937-இல் குடியரசுத் தலைவர் அல்பேர் லெப்ரூன் திறந்துவைத்தபோதுதான் அது நிறைவுற்றது.

கிழக்கே சென்றால் நோக்கம் மீண்டும் படைகளுக்கே திரும்புகிறது. 1968-இல் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்ததைக் கண்டு அஞ்சிய ருமேனிய அதிபர் சௌஷெஸ்கு, கார்பேத்திய மலைகளைத் தம் படைகள் விரைவில் கடக்க ஒரு வழி தேவை என்று முடிவுசெய்து, 1970-க்கும் 1974-க்கும் இடையில் டிரான்ஸ்ஃபகராஷான் சாலையைப் பெரும்பாலும் இராணுவத்தினரைக் கொண்டே வெட்டுவித்தார். பணியில் உயிரிழந்தோர் பலர். 2,000 மீட்டருக்கு மேல் ஏறும் அச்சாலை இக்காலத்தில் கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் மட்டும் திறந்திருக்கிறது. அந்தச் சில மாதங்களில் அங்கு நிரம்பி வழிவன சுற்றுலா வண்டிகளே.

சாலைகள் இருந்தன, ஆயினும் அவற்றின் வழியே நாடுவிட்டு நாடு செல்வது நெடுங்காலம் எளிதாக இருக்கவில்லை. இத்தாலியின் மோட்டோ குட்ஸி நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான கார்லோ குட்ஸியின் சகோதரர் ஜுசெப்பே, பின்சக்கரத்துக்கும் அதிர்வுதாங்கி பொருத்திய புதிய 500 சிசி வண்டியைச் சோதிப்பதற்காக 1928-இல் கோமோ ஏரிக்கரையின் மான்டெல்லோவிலிருந்து நார்வேயின் வடகோடி நோக்கிப் பயணம் செய்தார். வண்டி தாக்குப்பிடித்தது; அதன் நினைவாகவே அவ்வகை வண்டிக்கு நார்வேயின் பெயர் இடப்பட்டது. அக்காலத்தில் எல்லை தோறும் சுங்க அதிகாரிகளிடம் 'டிரிப்டிக்' என்ற ஆவணத்தைக் காட்ட வேண்டியிருந்தது. நுழையும்போது ஒரு பகுதியும் வெளியேறும்போது மற்றொரு பகுதியும் கிழித்துக்கொள்ளப்படும் மூன்று மடிப்புத் தாள் அது. வண்டியை அந்நாட்டில் விற்றுவிடவில்லை என்பதற்கு மோட்டார் சங்கம் ஒன்று அளிக்கும் பொறுப்புறுதியாக விளங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1949 ஜெனீவா உடன்படிக்கை ஓட்டுநர் உரிமங்களைப் பரஸ்பரம் ஏற்பதற்கு வழிசெய்தது. ஒரு நாட்டில் எடுத்த காப்பீடு பிற நாடுகளில் நேரும் விபத்துக்கும் செல்லும் என்று உறுதிகூறும் 'பச்சை அட்டை' 1953-இல் நடைமுறைக்கு வந்தது. 1985-இல் கையெழுத்தாகி 1995-இல் செயலுக்கு வந்த ஷெங்கன் உடன்படிக்கை எல்லைச் சாவடிகளையே ஆளில்லாமல் ஆக்கியது. குரோஷியா 2023-இலும், ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 தொடக்கத்தில் முழு அளவிலும் இணைந்தபின் இவ்வட்டத்துக்குள் 29 நாடுகள் உள்ளன. எனினும் இச்சலுகை நிலையானது என்று எண்ணிவிடக் கூடாது. அகதிகள் வருகையையும் பாதுகாப்பையும் காரணங்காட்டிப் பல நாடுகள் சோதனைகளை மீண்டும் கொண்டுவந்துள்ளன. ஜெர்மனி 2024 செப்டம்பர் முதல் தன் நில எல்லைகள் அனைத்திலும் அவற்றை நடத்துகிறது.

சாவடி போய்விட்டாலும் எல்லை போய்விடவில்லை. அது சட்ட நூல்களுக்குள் குடிபுகுந்துகொண்டது. அதிவேக நெடுஞ்சாலைக் கட்டணம் ஒன்றையே சான்றாகக் கொள்ளலாம். ஜெர்மனியில் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணமே இல்லை. சுவிட்சர்லாந்தில் 40 ஃபிராங்க் கொடுத்து ஆண்டு முழுமைக்குமான 'விக்னெட்' என்னும் கட்டண வில்லையை வாங்க வேண்டும். ஒரு நாள் மட்டும் செல்பவருக்கும் அதே தொகைதான். ஆஸ்திரியாவிலும் ஸ்லோவேனியாவிலும் குறுகிய காலத்துக்கான வில்லைகள் கிடைக்கின்றன. செக் நாட்டிலும் ஸ்லோவாக்கியாவிலும் காருக்கு வில்லை உண்டு, மோட்டார் சைக்கிளுக்கு இல்லை. ஸ்லோவாக்கியாவை அடுத்துள்ள ஹங்கேரியிலோ மோட்டார் சைக்கிளுக்கும் உண்டு. இத்தாலியும் பிரான்சும் தொலைவுக்கேற்ப சுங்கச்சாவடிகளில் வசூலிக்கின்றன. கணவாய்ச் சாலைகளையே நாடுவோருக்கு இதில் பெரும்பகுதி தேவைப்படாது என்றாலும், அறியாமல் நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் வரும் அபராதம் கட்டணத்தைவிடப் பன்மடங்கு.

உடைக்கும் இதே நிலைமைதான். பிரான்சில் 2016 நவம்பர் முதல் தரச்சான்று பெற்ற கையுறை அணிவது கட்டாயம். ஒளிரும் மேற்சட்டை ஒன்றையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். பெல்ஜியம் கையுறையோடு நீண்ட கைச்சட்டையையும் கணுக்காலை மூடும் காலணியையும் கேட்கிறது. ஆஸ்திரியா முதலுதவிப் பெட்டி எங்கே என்கிறது. நெரிசலில் கார் வரிசைகளுக்கிடையே புகுந்து செல்வதை பிரான்ஸ் நீண்ட சோதனைக்குப் பின் 2025 ஜனவரியில் சில கட்டுப்பாடுகளோடு சட்டபூர்வமாக்கியது; ரைன் ஆற்றைத் தாண்டி ஜெர்மனிக்குள் நுழைந்தவுடன் அதே செயல் குற்றமாகிறது. மிகை வேகத்துக்கு ஆஸ்திரியா 2024 மார்ச் முதல் வண்டியையே பறிமுதல் செய்யும் சட்டத்தை வைத்திருக்கிறது. இத்தனை வேறுபாடுகளையும் மனப்பாடம் செய்வது எவருக்கும் இயலாது. கடுமையான நாட்டின் விதியையே பயணம் முழுவதற்கும் பின்பற்றுவதுதான் நடைமுறையில் அறிவுடைய வழி.

சாலையில் நிற்கும் சில மரபுகள் இக்கட்டணப் பட்டியல்களைவிடச் சுவையானவை. சுவிஸ் மலைச்சாலைகளில் நீலப் பலகையில் மஞ்சள் நிற அஞ்சல் கொம்பு வரையப்பட்டிருந்தால், அது அஞ்சல் பேருந்து செல்லும் வழி என்று பொருள். குறுகிய இடத்தில் பேருந்து ஓட்டுநர் காட்டும் சைகைக்கு மற்ற வண்டிகள் கட்டுப்பட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வளைவுக்கு அப்பாலிருந்து, ரோஸ்ஸினியின் 'வில்லியம் டெல்' இசைநாடக முகப்பிசையிலிருந்து எடுக்கப்பட்ட அப்பேருந்தின் மூன்று சுர ஊதல் கேட்டவுடன் ஓரம் ஒதுங்காத மோட்டார் சைக்கிள் ஓட்டி, வளைவின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு திரும்பும் ஒரு நீண்ட மஞ்சள் பேருந்தை நேருக்கு நேர் சந்திக்க வேண்டியிருக்கும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு இவற்றுக்கு முன்னரே வேறு சில படிகள் உள்ளன. தமிழ்த் திரைநடிகர் அஜித் குமார் ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிளில் சுற்றியதும், 2023-இல் இத்தகைய பயணங்களை ஏற்பாடு செய்யும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கியதும் தமிழகத்தில் இவ்வார்வத்தைப் பரவலாக்கியிருப்பதால், அப்படிகளை இங்குக் குறிப்பிடுவது பொருந்தும். ஷெங்கன் விசா எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் தங்குவதற்கே இடமளிக்கிறது. அதற்கு 30,000 யூரோ மதிப்பிலான மருத்துவக் காப்பீடும் வேண்டும். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவோடு பால்கன் நாடுகளுக்குள் சென்றுவிட்டால் திரும்பி வர வழியில்லை. குரோஷியக் கடற்கரையே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: ஸ்பிளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் செல்லும் கடலோரச் சாலை இடையில் நேயும் என்ற இடத்தில் போஸ்னியாவின் குறுகிய நிலப்பட்டையைக் கடந்தாக வேண்டியிருந்தது; 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறக்கப்பட்ட பின்பே குரோஷிய மண்ணை விட்டு நீங்காமல் செல்ல முடிந்தது.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழங்கும் ஓராண்டுக்கான பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி பற்றி இன்னும் கூர்மையாகச் சிந்திக்க வேண்டியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் உரிமங்களைப் படிப்படியாகப் பிரித்துள்ளது: 16 வயதில் 125 சிசி வரை, 18 வயதில் 35 கிலோவாட் திறன் வரை, அதில் ஈராண்டு பழகியபின் அல்லது 24 வயதில் நேரடித் தேர்வெழுதி வரம்பற்ற வண்டி. இந்திய உரிமத்தில் 'கியர் உள்ள மோட்டார் சைக்கிள்' என்ற ஒரே பிரிவுதான். எனவே சென்னையில் 150 சிசி வண்டியை மட்டுமே ஓட்டிப் பழகிய ஒருவர், சுமார் 250 கிலோ எடையும் 136 குதிரைத்திறனும் கொண்ட பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் போன்ற வண்டியைச் சட்டத்துக்கு உட்பட்டே வாடகைக்கு எடுத்துவிட முடிகிறது. ஆவணம் அனுமதிப்பதைக் கைகள் அனுமதிக்க வேண்டுமென்பதில்லை. அதோடு இடப்புறம் ஓட்டிப் பழகியவருக்கு ஐரோப்பாவின் வலப்புற ஓட்டம் நெரிசலில் பெரும் சிக்கல் தருவதில்லை, ஏனெனில் முன்னே செல்லும் வண்டி வழிகாட்டுகிறது. பெட்ரோல் போட்டுவிட்டு விடியற்காலை வெறிச்சோடிய சாலையில் ஏறும் நொடியில்தான் பழைய பழக்கம் கையைப் பிடித்து இழுக்கிறது.

விபத்தைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 1999, 2000 ஆண்டுகளில் நிகழ்ந்த 921 விபத்துகளை நேரில் ஆராய்ந்த 'மெய்ட்ஸ்' ஆய்வு. ஏறத்தாழப் பாதி விபத்துகளுக்கு மற்றொரு வண்டியின் ஓட்டுநர் செய்த பிழையே முதற்காரணம் என்றும், அவர்களுள் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளைக் கவனிக்கவே இல்லை என்றும் அது கண்டது. இம்முடிவைப் பயணிகள் விரும்பி மேற்கோள் காட்டுவதில் வியப்பில்லை. ஆனால் அவ்வாய்வை முன்னின்று நடத்தியது வண்டி உற்பத்தியாளர் சங்கம் என்பதும், அதில் அடங்கிய விபத்துகளுள் பெரும்பாலானவை நகர்ப்பகுதிகளில் நடந்தவை என்பதும் நினைவில் கொள்ளத் தக்கவை. கணவாய்ச் சாலையில் பலரைக் கவிழ்ப்பது மற்றவர் பிழையைவிடத் தம் வேகமே.

குறிப்பாக இடப்புற வளைவுகளில் நிகழ்வதை நுணுகிப் பார்க்க வேண்டும். வலப்புறம் ஓடும் சாலையில் இடப்பக்கம் திரும்புகையில் வண்டி சாலையின் நடுக்கோட்டை நோக்கிச் சாய்கிறது. சக்கரங்கள் தம் பாதைக்குள்ளேயே உருண்டாலும், சாய்ந்த உடலின் தோளும் தலையும் கோட்டைத் தாண்டி எதிர்ப்பாதையின் மேலே நீண்டுவிடுகின்றன. எதிரே வரும் பேருந்தின் பக்கவாட்டுக்கும் அத்தலைக்கும் இடையில் ஒன்றுமில்லை. ஆபத்தின் இடத்தைக் காட்டும் பலகைகளால் பயன் குறைவு என்று கண்ட ஆஸ்திரியப் பொறியாளர்கள், அத்தகைய வளைவுகளில் நடுக்கோட்டை ஒட்டித் தரையில் நீள்வட்டங்களை வெள்ளைச் சாயத்தில் தீட்டிப் பார்த்தனர். சாயம் பூசிய தரை ஈரத்தில் வழுக்கும் என்பது மோட்டார் சைக்கிள் ஓட்டும் எவரும் உடம்பால் அறிந்த செய்தி; ஆதலால் அவ்வட்டங்களைத் தவிர்க்க அவர்கள் தாமாகவே வெளிப்புறம் விலகி ஓட்டத் தொடங்கினர். அறிவுரையைவிட மலிவானதும் பயனுடையதுமான இவ்வுத்தியைப் பிற நாடுகளும் சோதித்துப் பார்த்துள்ளன. சாலையோர இரும்புத் தடுப்புகளின் கீழே இன்னொரு தகடு பொருத்தும் வழக்கமும் இவ்வகையைச் சேர்ந்ததே: காரைத் தாங்கும் தடுப்பு, தரையில் சறுக்கிவரும் மனிதனைத் தன் இரும்புத் தூண்களில் மோதவிடுகிறது, கீழ்த்தகடு அத்தூண்களை மறைக்கிறது.

இப்பயணத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப்போவது ஒலிப் பிரச்சினை. வளைவுகளுக்காக ஓட்டுபவர் ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து மீண்டும் முடுக்குகிறார். குறுகிய பள்ளத்தாக்கின் பாறைச் சுவர்கள் அவ்வொலியைத் திருப்பி அனுப்புகின்றன. வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை முதல் மாலை வரை வாசலில் இதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய ஊர்மக்களுக்குப் பயணிகள் குடித்துவிட்டுப் போகும் காப்பியின் வருமானம் ஈடாகிவிடாது. ஆஸ்திரியாவின் டைரோல் மாநிலம் ரொய்ட்டெ மாவட்டத்தின் புகழ்பெற்ற சில சாலைகளில், பதிவுச் சான்றில் குறிக்கப்பட்ட நிலை ஒலியளவு, அதாவது வண்டி நின்ற நிலையில் புகைபோக்கிக்கு அருகே அளக்கப்படும் ஒலி, 95 டெசிபலைத் தாண்டும் மோட்டார் சைக்கிள்களுக்கு 2020 ஜூன் முதல் கோடைகாலத் தடை விதித்தது. அதே ஆண்டு மே மாதத்தில் ஜெர்மனியின் மாநிலங்கள் அவையான பன்டஸ்ராட், ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் மோட்டார் சைக்கிள்களைத் தடைசெய்ய வழிகாணும்படி மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. ஜூலையில் ஆயிரக்கணக்கானோர் வண்டிகளோடு திரண்டு எதிர்த்தனர். போக்குவரத்து அமைச்சர் அக்கோரிக்கையை ஏற்கவில்லை.

டைரோல் விதியின் மீது எழுப்பப்படும் குறை நியாயமற்றதன்று. ஐரோப்பா முழுவதும் விற்க ஒப்புதல் பெற்ற வண்டியை ஒரு மாவட்டம் தடுப்பது முரண்தான். நின்றபடி அளந்த எண், ஓடும்போது எழும் ஒலியைச் சரியாகக் காட்டுவதுமில்லை. அமைதியான வண்டியையும் முறுக்கி ஓட்டினால் ஊர் அதிரும். ஆயினும் மாற்றிப் பொருத்திய புகைபோக்கிகளைச் சங்கங்களும் உற்பத்தியாளர்களும் நெடுங்காலம் கண்டும் காணாமல் விட்டதன் விளைவே இத்தடை என்பதை மறுப்பதற்கில்லை. வேறு பள்ளத்தாக்குகள் இதைப் பின்பற்றுமானால் பழி அவற்றைச் சாராது. ஆல்ப்ஸுக்குச் செல்ல எண்ணுவோர் வாடகை வண்டியை ஒப்புக்கொள்ளும் முன் அதன் பதிவுச் சான்றில் யு.1 என்ற கட்டத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அங்குள்ள எண் 95-க்கு மேற்பட்டிருந்தால் வேறு வண்டியைக் கேட்பதே நல்லது.